பன் கடை விளக்கு

நவம்பர் 14

இந்தக் குறிப்புகள் 'கடைவீதி'க்கு மட்டும். எதை மாற்றினேன், எது உடைந்தது, எதை ஒட்டவைத்தேன் என்று எழுதிவைக்காமல் இதுவரை பட்ட பாடு போதும். சொந்தக் கதை எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

நாளைக்கு வேறு யாராவது இதை எடுத்து நடத்த நேர்ந்தால், அவருக்காக ஒரு பாரா. லாந்தர் டவுன் என்பது இணையத்தில் ஆடும் விளையாட்டு. ஒரு ஊர், அதில் யார் வேண்டுமானாலும் கடை போடலாம். தினமும் சரக்கை அடுக்க வேண்டும். சரக்கு இருக்கும்வரை கடை வாசலில் ஒரு லாந்தர் விளக்கு எரியும். தீர்ந்தால் அணைந்துவிடும். ஏழு நாள் அணைந்தே கிடந்தால் கடையை ஊர் எடுத்துக்கொள்ளும், தலைகீழாக நின்றாலும் திரும்பக் கிடைக்காது. கடைவீதி நான் எழுதிய மென்பொருள். விளையாட்டுக்குள் போகாமலே, எந்தக் கடையில் என்ன இருக்கிறது, எப்போது நிரப்பினார்கள், கடைசியாக யார் வாங்கினார்கள், விளக்கு எப்போது அணையும் என்று போனிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். சில ஆயிரம் பேர் உபயோகிக்கிறார்கள். காசு கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இன்று செய்தது: மீன் கடைகளின் சரக்குக் கணக்கு தப்பாகக் காட்டியதைச் சரிசெய்தேன். நேற்றே முடித்திருக்க வேண்டியது. நேற்று கோர்ட்டுக்குப் போயிருந்தேன்.

நீதிபதி எங்கள் விவாகரத்து மனுவைப் படித்துவிட்டு, ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். மே பதினாறு. அதற்குள் இரண்டு பேரில் யார் மனம் மாறினாலும் மனு நிற்காது என்று வக்கீலம்மா விளக்கினார். கோகிலவாணி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். தன் தம்பி தினகரனோடு கோபியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிப் போனாள். சொந்தக் கதை இத்தோடு முடிந்தது.

நவம்பர் 16

இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. வாங்கி ஊற்ற வேண்டும். இது அவள் பார்த்துக்கொண்ட வேலை.

நவம்பர் 22

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று ஒரு புகார். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு கடை வேண்டியிருந்தது. கை தானாக, கோகிலா அந்த விளையாட்டில் வைத்திருந்த கடையைத் தட்டிவிட்டது. ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. கடை எப்போதோ பறிபோய், அந்த இடத்தில் யாராவது சலூன் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

விளக்கு எரிகிறது.

'வாணி பன் கடை.' தேங்காய் பன், வெண்ணெய் பன், வர்க்கி எல்லாம் நிறைய இருக்கிறது. நிரப்பியது: இன்று காலை 6.10. நேற்றும் நிரப்பியிருக்கிறாள். அதற்கு முந்தின நாளும். அவள் எழுந்து பால் காய்ச்சுகிற நேரம் அதுதான். நான் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை, எங்கள் வீட்டில் விடியற்காலை என்பதே அவளுடையதுதான்.

பக்கத்தை மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். என் மேல் அத்தனை கோபத்தோடு அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலத்தில் நான் பார்த்துக்கொண்ட கடையை மூடாமல் வைத்திருக்கிறாள். எல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்தவள் இதைச் செய்வாளா? விட்டுவிட்டால் ஏழு நாளில் தானாகப் போயிருக்குமே. அவள் மனதில் இன்னும் ஏதோ இருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சந்தோஷமாக இருக்கிறது.

போன் செய்யலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பேசிப் பேசித்தான் எல்லாம் கெட்டது. அவளாக வரட்டும்.

பக்கம் மெதுவாகத் திறப்பதைச் சரிசெய்ய மறந்துபோனேன்.

டிசம்பர் 4

இப்ராம்ஷா எழுதியிருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். விளையாட்டில் அவள் பன் கடைக்கு அடுத்த கடை அவனுடைய டீக்கடை. டீயோடு அவள் பன்னையும் வாங்கி விற்றுத்தான் பிழைப்பு நடத்துகிறான்.

"அண்ணே, அக்கா கடை புண்ணியத்துலதான் என் அடுப்பு எரியுது. ஆனா ஒண்ணு, எத்தனை மெசேஜ் போட்டாலும் அக்கா பதிலே போடுறதில்ல. என் மேல கோவமா?"

அவள் யாருக்குமே சட்டென்று பதில் போட மாட்டாள், பேச்சு குறைவு, தப்பாக நினைக்காதே என்று எழுதினேன். என் மனைவியைப் பற்றி ஒருவன் கேட்டு நான் பதில் சொல்லி எவ்வளவு நாள் ஆயிற்று.

இன்று செய்தது: பார்வையாளர் எண்ணிக்கை சேர்த்தேன். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இனி தெரியும். பன் கடைப் பக்கத்தை தினம் இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒன்று நான். இன்னொன்று, தேடுபொறிகள் அனுப்பும் ரோபோ ஏதாவதாக இருக்கும். அவற்றுக்கு வேறு வேலை என்ன.

டிசம்பர் 19

லாந்தர் டவுன்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்கள். கடையை இயந்திரம் வைத்து நிரப்புவது இனி கூடாதாம். கடைவீதியில் அந்த வசதி இருந்தது. எடுக்க மனமே வரவில்லை, ஏனென்றால் எல்லாம் ஆரம்பித்ததே அங்கேதான்.

கோகிலாவை ஐந்தாம் மாதத்தில் டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். பொழுது போவதற்காக அவள் தொடங்கிய கடை அது. பிறகு ரத்த அழுத்தம் ஏறியது, போனையே பார்க்காதே என்றார்கள். கடை போய்விடுமே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒரே மாலையில் எழுதி பழைய லேப்டாப்பில் ஓடவிட்டேன். காலையானால் அதுவே அவள் பெயரில் உள்ளே போய் பன்னை அடுக்கிவிடும். "நிரப்பிட்டீங்களா?" என்று தினமும் கேட்பாள். "ஆச்சு" என்பேன். இயந்திரம் செய்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வேலை நடந்தால் சரி. எனக்காக ஒரு மனுசன் பன் கடையில உக்காந்திருக்காரு என்று அவள் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதையே மெருகேற்றி எல்லோருக்கும் கொடுத்தது பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில். அவளை அங்கே சேர்த்திருந்த நாட்களில் எழுதியதுதான் கடைவீதியிலேயே சுத்தமான பகுதி, இன்றைக்கும் அதில் ஒரு பிழை கிடையாது. நர்ஸ் என்னை இரண்டு தடவை கூப்பிட்டாராம். காதில் விழவில்லை. மூன்று பேராகத் திரும்ப வேண்டியவர்கள் இரண்டு பேராக வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்ப நீங்க எங்க இருந்தீங்க என்று. வெளியேதான் இருந்தேன், வேறு எங்கே போவேன்?

எங்கோ ஆரம்பித்து எங்கோ போகிறேன். இன்று செய்தது: தானாக நிரப்பும் வசதி அடியோடு நீக்கப்பட்டது. முகப்பில் அறிவிப்பும் போட்டாயிற்று: 'இனி அவரவர் கடையை அவரவரே நிரப்ப வேண்டும்.'

டிசம்பர் 20

பன் கடை இன்றும் 6.10க்கு நிரம்பிவிட்டது. இனி யாரும் சந்தேகப்பட முடியாது. அவள் கைதான்.

ஜனவரி 15

பொங்கல். மெஸ் கிடையாது. கீழ் வீட்டு அம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கோகிலா எப்போ வருது என்று கேட்டார். மே மாதம் என்றேன். அது பொய்யில்லை.

தினகரன் போன் செய்தான். அக்காவின் பி.எட். சான்றிதழ்களை கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டான். ஏதாவது பள்ளியில் சேரப் போகிறாளா என்றேன். சும்மா கையில இருக்கட்டும்னு கேக்குதுங்க என்றான். கோயம்புத்தூரில் இல்லாத பள்ளிக்கூடமா, இங்கேயே பார்க்கலாமே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. வைக்கப் போகும்போது, "மச்சான், பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனீங்களான்னு அக்கா கேக்கச் சொல்லுச்சுங்க" என்றான்.

ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன். போனை வைத்தபிறகு சும்மா நாலு தடவை வீட்டைச் சுற்றி நடந்தேன். விவாகரத்து கேட்கிற பெண் பேட்டரித் தண்ணீரைப் பற்றி விசாரிப்பாளா? யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

நல்ல நாளிலும் கடையை நிரப்பியிருக்கிறாள். அதே நேரம், அதே வரிசை.

பிப்ரவரி 2

ஒரு யோசனை தோன்றியது. நானும் விளையாட்டுக்குள் போய் அவள் கடையில் ஒரு தேங்காய் பன் வாங்கினேன். 'கடைசியாக வாங்கியவர்: பூபதி' என்று பக்கத்தில் வந்தது. அவள் பார்ப்பாள். இனி தினமும் ஒன்று. வாய் திறந்து கேட்கத் தெரியாதவனுக்கு இது போதும்.

பிப்ரவரி 3

தேங்காய் பன்.

பிப்ரவரி 4

தேங்காய் பன். இப்ராம்ஷா பார்த்துவிட்டான். "என்னண்ணே, வீட்டுக்காரம்மா கடையிலயே காசு குடுத்துத் திங்கிறீங்க" என்று எழுதி, கூடவே சிரிக்கிற மூஞ்சிகள்.

பிப்ரவரி 20

படுக்கையறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததையும் மாற்றியாயிற்று. ரசம் வைக்கப் பழகிவிட்டேன். சாம்பார் இன்னும் வசப்படவில்லை.

இப்ராம்ஷாவோடு இன்று மனஸ்தாபம். "அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. பன்னு தீந்தாலும் தீராட்டியும் அக்கா ஒரே மாதிரி அடுக்குது. மனுசக் கை மாதிரி இல்லையே, மிசின் மாதிரில்ல இருக்கு" என்று எழுதியிருந்தான். அவள் ஒழுங்கானவள், உன்னைப் போலக் கண்டபடி கடை நடத்துகிறவள் இல்லை என்று பதில் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவன் எதற்குக் கேட்க வேண்டும்? இருந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தேங்காய் பன்.

மார்ச் 5

நாளை மாதாந்திரப் பராமரிப்பாம். காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் இருக்கிறது, கவலையில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் நாளைக்கு வாங்க வேண்டும்.

மார்ச் 6

கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்து, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. வேர்த்துக் கொட்டியது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "பேட்டரி சாகலீங்க சார், தண்ணியில்லாம மயக்கம் போட்டுருச்சு. ஊத்தி வச்சீங்கன்னா எந்திரிச்சுக்கும்" என்றார். வாங்கி வைக்கிறேன் என்றேன்.

மார்ச் 7

6.10 ஆகியும் நிரப்பவில்லை. தூங்கிப்போயிருப்பாள்.

மார்ச் 8

இன்றும் இல்லை. இருக்கிற சரக்கை இப்ராம்ஷா வாங்கித் தீர்க்கிறான். தேங்காய் பன் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வாங்க மனம் வரவில்லை. சாயங்காலம் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

விளக்கு அணைந்துவிட்டது.

மார்ச் 9

உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? ரத்த அழுத்தம் அவளுக்கு முழுக்கச் சரியாகவில்லை. ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. பொறுக்கமாட்டாமல் மத்தியானம் தினகரனைக் கூப்பிட்டேன்.

"அக்காவா? நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். இந்தா, துணி காயப்போட்டுட்டு இருக்குது."

அப்புறம் ஏன் கடையை நிரப்பவில்லை என்று கேட்டேன். எந்தக் கடை என்றான். பன் கடை என்றேன். 

"அந்த விளையாட்டா? அதை ஆஸ்பத்திரில இருந்து வந்தன்னிக்கே போன்ல இருந்து எடுத்துப் போட்டுருச்சுங்களே. என்ரகிட்டத்தான் குடுத்து எடுக்கச் சொல்லுச்சு."

 அவன்தான் மறுபடியும் பேசினான்.

"இத்தனை நாள்ல அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமுங்களே மச்சான். இங்க எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தாங்க."

அக்காவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், மீட்டிங் இருக்கிறது என்றேன்.

மார்ச் 10

பீரோவின் மேல், மோடத்துக்குப் பக்கத்தில், எங்கள் கல்யாண ஆல்பத்துக்கும் பழைய காலண்டருக்கும் அடியில் இருந்தது. மூடி வைத்த லேப்டாப். அதன் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் தேதி நின்றுவிட்டது. தானாக எழுந்துகொள்ள அதற்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவளுக்காக ஒரே மாலையில் எழுதியது. பிறகு எல்லாவற்றையும் வெளியே இணையத்தில் எடுத்த ஒரு வாடகைக் கணினிக்கு மாற்றினேன். இதையும் மாற்றி நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். டிசம்பரில் அடியோடு எடுத்துவிட்டதாக அறிவிப்பு வேறு போட்டேன். இது மட்டும் தன் பாட்டுக்குத் தினமும் காலையில் அவள் பெயரில் உள்ளே போய், பன்னை அடுக்கி, விளக்கை ஏற்றிவிட்டு வந்திருக்கிறது. ஆடியிலிருந்து. நாங்கள் அழுதபோதும் அடுக்கியது. அவள் பெட்டியைக் கட்டிய அன்றும் அடுக்கியது.

இந்த நேரம் என்ன நேரம் என்று கூடவா எனக்குத் தோன்றவில்லை? 6.10 என்று அதில் எழுதியதே நான்தான்.

அவள் என்னை நினைத்ததாக நான் நினைத்த ஒவ்வொரு காலையிலும் அவள் என்னை நினைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.  சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், இனி இந்தக் குறிப்பை யாரும் எடுத்து நடத்தப் போவதில்லை.

மார்ச் 12

இப்ராம்ஷா: "அண்ணே, அக்கா கடை லைட்டு அணைஞ்சு கெடக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா? நீங்களாச்சும் ரெண்டு பன்னை எடுத்து வைங்க, கடை போயிரும்."

அவள் கடவுச்சொல் எனக்குத் தெரியும். உள்ளே போய் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினால் அதுவும் போதும். எதையும் செய்யவில்லை. ஏமாந்தது போதும். அவளுக்கு வேண்டாத கடையை யாருக்காக நான் திறந்துவைப்பது?

மார்ச் 14

வெறும் கடையின் பக்கத்தில் இந்த ரோபோவுக்கு என்ன வேலையோ தெரியவில்லை. தினம் ஒரு தடவை வந்தது இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது. தடுத்து வைக்க வேண்டும். அதற்கும் சோம்பலாக இருக்கிறது.

மார்ச் 15

ஏழு நாள் முடிந்தது. கடையை ஊர் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் 'மூடப்பட்டது' என்று வருகிறது. மூடிய கடைகளின் பக்கத்தை நான் அழிப்பதில்லை, அதனால் பெயர் மட்டும் இருக்கிறது.

வெள்ளையடிக்க வந்த ஆளிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாம்பழம் வாங்கினேன், புளித்தது. அந்த இடத்தில் யாரோ சைக்கிள் கடை போட்டிருக்கிறார்கள். இப்ராம்ஷா எங்கிருந்தோ பிஸ்கட் வாங்கி விற்கிறான், டீக்கு அது சேரவில்லை என்று புலம்புகிறான்.

மூடிய பன் கடையின் பக்கத்துக்கு அந்த ரோபோ இன்னும் தினமும் ஒரு தடவை வந்து போகிறது. மூடிவிட்டார்கள் என்று எழுதியிருப்பதைப் படிக்கக்கூடத் தெரியாத ஜென்மம்.

இன்று செய்தது: ஒன்றுமில்லை.

மே 15

நாளை கோர்ட். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

மே 16

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தினகரன் வக்கீலம்மாவைத் தேடிப் போனான். கோகிலா வந்து அதே பெஞ்சில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், வரும் வாரம் கப்பல் என்றும் சொன்னாள். அந்தமானா என்றேன். ஆமாம் என்றாள். 

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

"விளையாட்டை எடுத்துப் போட்டாலும், உங்க கடைவீதில நம்ம கடைப் பக்கத்தை மட்டும் தினமும் பாப்பனுங்க. மொதல்ல உங்க மிசின்தான் நிரப்புதுன்னு நினைச்சேன். எல்லாரோட கடைக்கும் வச்சிருந்தீங்கள்ல. அப்புறம் அதை அடியோட எடுத்தாச்சுன்னு போட்டீங்க. மறுநாளும் ஆறு பத்துக்கு நிரம்பியிருந்துது."

மூடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"என் பேர்ல உள்ள போக உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்காத மனுசன், ஆறு மணிக்கு எந்திரிச்சு எனக்காக பன் அடுக்கறாரேன்னு இருந்துச்சு. நீங்களே நிரப்பி, நீங்களே ஒரு தேங்காய் பன்னும் வாங்கிட்டு. அதைப் பாத்துச் சிரிச்சேன். அப்புறம் அழுதேன். இன்னிக்குப் போன் பண்ணுவாரு, நாளைக்குப் பண்ணுவாருன்னு பாத்துட்டே இருந்தனுங்க."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"தினமும் நீங்கதானுங்களே நிரப்புனீங்க?"

"ஆமா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் நூறு காரணம் சொல்லலாம். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. அவள் முகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் 'நிரப்பிட்டீங்களா' என்று கேட்ட முகமாக இருந்தது. ஆச்சு என்று சொல்லிப் பழகிய வாய்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் ஏன் விட்டீங்க?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் செருகிக்கொண்டேன்.

"வெளக்கு அணைஞ்ச ஏழு நாளும் பாத்தேன். இன்னிக்கு நிரப்பிருவீங்கன்னு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பாத்தேன். கடைசி நாளு, இனி உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்குத்தான் அந்த வேலைக்கு வர்றேன்னு எழுதிப் போட்டனுங்க. ஏன் விட்டீங்க?"

கரண்ட் போய்விட்டது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. உண்மையான பதில் அதுதான். அதைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்ன 'ஆமா' பொய்யாகிவிடும். கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட அத்தனை நாளும் நான் சொன்ன 'ஆச்சு'வும் பொய்யாகிவிடும். என்னைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல சேதி, காலையில் எழுந்து பன் அடுக்கிய மனுசன். அவனையும் பிடுங்கிக்கொண்டு வெறும் என்னைக் கொடுத்தால் அவள் வாங்கிக்கொள்வாளா? கேட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். நன்றாகவே காத்திருந்தாள். பிறகு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அவளைத்தான் முதலில் கேட்டார், சேர்ந்து வாழ வழி ஏதாவது இருக்கிறதா என்று. அவள் உடனே சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் தலை நிமிரவில்லை. இல்லைங்க என்றாள். என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட பேனா எழுதவில்லை, தினகரன் அவனுடையதைக் கொடுத்தான்.

வாசலில் ஆட்டோ ஏறும்போது, "உடம்பைப் பாத்துக்குங்க. பேட்டரியை மறந்துறாதீங்க" என்றாள்.

சரி என்றேன்.

மே 17

அந்த ரோபோ எந்த ஊரிலிருந்து வந்தது என்று இன்றுதான் பார்த்தேன். எத்தனையோ மாதமாகப் பதிவாகித்தான் இருந்திருக்கிறது. கோபிசெட்டிபாளையம்.

கடைக்குப் போய் பேட்டரித் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினேன். சாயங்காலம் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு வந்துவிட்டது.

பன் கடைப் பக்கம். இன்று பார்த்தவர்: ஒருவர். நான்.